பதினொரு பேருக்கு ஒரு நேர்த்தி

எங்கள் வீட்டில் ஜாஸ் பாட்டு முதன்முதலாக ஒலித்தபோது அம்மா முழந்தாளில் நின்று சிலுவை அடையாளம் போட்டார். உலகம் முடிகிற நாளில் எக்காளம் ஊதும் என்று கோயிலில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். மாமாவின் பாட்டுப்பெட்டியிலிருந்து வந்ததும் எக்காளம்தான். அழுவதும் சிரிப்பதும் ஒரே மூச்சில் நடந்தால் எப்படியிருக்கும், அப்படி ஊதினான் அந்த ஆள். அம்மா பயந்ததைப் பார்த்து மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருசம் நான் சிரித்த கடைசிச் சிரிப்புகளில் அதுவும் ஒன்று.

மாமா அம்மாவின் தம்பி. இளவயதில் கொழும்புத் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போனவர், அப்படியே ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் நெருப்புத் தள்ளுகிற வேலைக்கு ஏறிவிட்டார். பிறகு நாலைந்து வருசத்துக்கு ஒருமுறை மன்னாரில் எங்கள் ஊரான பேசாலைக்கு வருவார். இந்தமுறை அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். கப்பல் பழுதாகி நியூயோர்க்கில் மாதக்கணக்கில் நின்றதாம். தகரப் பெட்டியும் பாட்டுப்பெட்டியும் மூன்று இசைத்தட்டுகளும் அவரோடு வந்தன. அவற்றோடு ஒரு பயமும் வந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. வங்காலையில் எனக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். அந்த வயதில் மற்றவர்களின் பயத்தைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

பகலில் என்னைப் பெற்ற ஐயா முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். மாமா கதிரையைப் போட்டுக்கொண்டு எதிரில் இருந்து கதை சொல்லுவார். நாங்கள் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி கேட்போம். அந்த நாட்டில் ரயில் நிலத்துக்குக் கீழேயும் ஓடுமாம், வீட்டுக் கூரைக்கு மேலேயும் ஓடுமாம். நாடு முழுக்கச் சாராயத்தைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்களாம். ஐயாவுக்குப் பின்னேரம் ஒரு போத்தல் கள்ளு இல்லாவிட்டால் பொழுது போகாது. அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, நாடு முழுக்கவா என்று மூன்று தரம் கேட்டார். சட்டம் வந்த பிறகுதான் எல்லாரும் கூடக் குடிக்கிறார்கள், நிலவறைகளில் கதவில் ஓட்டை போட்டு ஆள் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று மாமா சொன்ன பிறகுதான் ஐயா மறுபடி ஊசியை எடுத்தார்.

பெண்கள் கதைதான் எனக்கு முக்கியம். அங்கே பெண்களுக்கும் வாக்குப் போடுகிற உரிமை வந்துவிட்டதாம். பாவாடையை முழங்காலுக்குக் கிட்ட ஏற்றிவிட்டார்களாம். கூந்தலைக் காதுமட்டும் வெட்டிக்கொள்ள, ஆண்கள் சவரம் செய்கிற கடைகளில் வரிசையாக நின்றார்களாம். தகப்பன்மார் கதவைப் பூட்டினார்களாம், பிரசங்கத்தில் சுவாமிமார் திட்டினார்களாம், ஒன்றும் நடக்கவில்லையாம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றச் சொல்லி மாமாவுக்குக் கண் காட்டினார்.

பேச்சை மாற்றினால் மாமாவுக்கு வேறு கதைதான் வந்தது. அந்த எக்காளம் ஊதுகிறவன் கறுப்பன். வெள்ளைக்காரர் காரில் வந்து இறங்கி அவன் ஊதுவதைக் கேட்டு ஆடுவார்கள். ஆனால் அவனுடைய மனைவி அந்த மண்டபத்துக்குள் வந்து ஒரு கதிரையில் இருக்க முடியாது. மாமா எங்கள் எல்லாரிலும் கறுப்பு. மூன்று வீட்டில் அறை கேட்டு மூன்று வீட்டிலும் கதவை முகத்தில் சாத்தியிருக்கிறார்கள். நாலாவதாக ஒரு கறுப்புப் பெண்தான் தன் வீட்டில் அறை கொடுத்தாளாம். அவள் அந்த நாட்டின் தெற்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவள். அவளுடைய தமையன் வாக்குப் போடப் போனான் என்பதற்காக, முகத்தை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு கூட்டமாக வந்த ஆட்கள் அவன் வீட்டைக் கொளுத்திவிட்டார்களாம். எங்கள் பக்கத்து ஆட்கள் இனிமேல் அந்த நாட்டில் வந்து குடியேற முடியாது என்றும் ஒரு சட்டம் வந்துவிட்டதாம். மாமா தெருவில் நடக்கும்போது பின்னால் எத்தனை காலடி கேட்கிறது என்று எண்ணிக்கொண்டே நடப்பாராம். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே ஒரு மாட்டு வண்டி நின்றது. மாமா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வண்டி போன பிறகுதான் மூச்சு விட்டார்.

அந்த வீட்டுக்காரப் பெண்ணின் படம் ஒன்று தகரப் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் நிறம்தான் அவளும். முடி காதுச் சோணைவரைதான். கட்டைச் சட்டை போட்டு, யாருடையதோ ஒரு மோட்டார் காரில் கை ஊன்றி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். முதல்முறை வாக்குப் போட்டுவிட்டு வந்த அன்று எடுத்த படமாம். அன்று அவளுக்குக் கால் இரண்டும் நடுங்கியபடிதான் இருந்ததாம், படமெடுக்கிறவன் இருக்கச் சொல்லி வாங்கு கொண்டுவந்து போட்டானாம். மாமா இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. படத்தில் கால் நடுங்குவது தெரியுமா என்ன? சிரிப்புத்தான் தெரிந்தது.

வாடைக்காற்று தொடங்கியதும் எங்கள் வடகரையில் தொழில் படுத்துவிடும். ஆண்கள் தென்கரைக்குப் போய், சிலாவத்துறைக்குக் கிட்ட ஓலைக் கொட்டில் போட்டு, மாசக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். அந்த ஓலைக் கொட்டிலை வாடி என்போம். அந்த வருசம் எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து ஐயாவோடு சேர்த்துப் பதினொரு பேர் போனார்கள். அதே கிழமை மாமாவும் இன்னொரு கப்பலுக்குப் பெயர் கொடுக்கக் கொழும்புக்குப் போனார். பாட்டுப்பெட்டியைச் சுமக்க முடியாது என்று விட்டுவிட்டுப் போனார். படத்தை நான்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஒழுங்கையில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் மிச்சம்.

ஒரு நடுப்பகல். அம்மா கரைக்குக் கருவாடு அள்ளப் போயிருந்தார். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் படத்தைச் செருகி வைத்தேன். ஐயா வலைநூல் வெட்டுகிற கத்தரிக்கோல் மாடத்தில் இருந்தது. என் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும், கயிறுமாதிரித் தடிப்பு. கத்தரிக்கோல் ஒரு கடியில் வெட்டவில்லை. அறுக்க வேண்டியிருந்தது. அறுத்து முடித்தபோது தலை பாரமில்லாமல் தானாகவே மேலே எழும்பியது. பாட்டுப்பெட்டியை முறுக்கி ஊசியை வைத்தேன். எக்காளக்காரன் ஊதினான். ஒரு தட்டு ஓடி முடிகிறவரை நான் சந்தோசமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோசம் அதற்குப் பிறகு என் கலியாணத்தன்றும் வரவில்லை.

தட்டு முடிந்தது. வீடு சத்தமில்லாமல் கிடந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் காதுக்கு மேலே ஏறி, மறுபக்கம் கழுத்தில் இறங்கி, அமெரிக்காக்காரியின் தலைக்கும் என் தலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்போதுதான் ஊர் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் ஒரு குமர்ப்பிள்ளையின் தலை கூந்தல் இல்லாமல் தெரிந்தால் மூன்று காரணம்தான். நெருப்புக் காய்ச்சல் வந்து எழும்பியிருக்க வேண்டும். அல்லது கெட்ட பேர் எடுத்ததற்காகத் தமையன்மார் பிடித்து வெட்டியிருக்க வேண்டும். அல்லது நேர்த்திக்கடனாக மாதாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் வரவில்லை என்பது ஒழுங்கைக்கே தெரியும். நேர்த்தி வைக்கிறவர்கள் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். வங்காலைக்குச் செய்தி போக ஒரு நாள் போதும்.

பின்னலைக் கண்டால்தானே பயம் என்று அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் கரைக்கு ஓடினேன். வீசி எறிந்தேன். அது தாழவில்லை. அலையில் ஏறித் திரும்பி என் காலடிக்கே வந்தது. மறுபடி எறிந்தேன், மறுபடி வந்தது. மூன்றாம் தரம் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி எறிந்தேன். அப்போதுதான் கடல் அதை எடுத்தது. எடுத்த பிறகு, எடுத்துவிட்டதே என்று இன்னும் பயமாகிவிட்டது.

அம்மா வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. கருவாட்டுக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். யார் கண்டது என்று மட்டும் கேட்டார். ஒருவரும் இல்லை என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் சின்னம்மா உள்ளே வந்தார்.

சின்னம்மா எங்களுக்குச் சொந்தம் இல்லை. பக்கத்து வளவு. வேலிதான் சொந்தம். கலியாணம் முடித்து மூன்று வருசம், பிள்ளை இல்லை. ஐயாவின் தோணியில்தான் அவருடைய மனிசனும் போயிருந்தார். அடுப்புக்கு நெருப்பு எடுக்கச் சிரட்டையோடு வந்தவர் என் தலையைக் கண்டதும் அப்படியே நின்றார். சின்னம்மாவின் வாயில் ஒரு செய்தி விழுந்தால் கோயில் மணி அடித்தமாதிரித்தான். ஆனால் அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்றும் இல்லை. சிரட்டையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"நேர்த்தியோ பிள்ளை? ஐயாவுக்கோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஓம்," என்றார் அம்மா.

அந்த ஒரு சொல்தான். சின்னம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பதினேழு வயதில் இடுப்புக் கூந்தலைத் தகப்பனுக்காகக் கொடுத்த பிள்ளை என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். பிறகு, கூச்சத்தோடு, தன் மனிசனையும் அந்த நேர்த்தியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். சேர்க்கிறோம் என்று அம்மாதான் சொன்னார். பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்க வந்துவிட்டது. ஒவ்வொருத்தரும் மெழுகுதிரியோடு வந்து தங்கள் வீட்டு ஆளின் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் வெட்டின தலைமேல் பதினொரு ஆம்பிளைகளின் உயிர் வந்து இருந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் முடி நேர்த்தி என்றால், வெட்டிய கூந்தலை வெள்ளைத் துணியில் கட்டி, பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் வர, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் மாதாவின் பீடத்தடியில் வைக்க வேண்டும். அந்தக் கூந்தல் எங்கே என்று அம்மா அன்று பின்னேரம் கேட்டார். சொன்னேன். அம்மாவின் முகத்தில் இரத்தம் இறங்கியதைக் கண்ணால் கண்டேன்.

"கடலிலயோ? ஐயா நிக்கிற கடலிலயோ?"

அதற்குப் பிறகு ஞாயிறுவரை என்னோடு பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தப் பின்னல்தான் கண்ணுக்குள் மிதந்தது. எந்த நீரோட்டம் அதை எங்கே கொண்டு போகிறதோ, தென்கரைக்குப் போய் ஐயாவின் வலையில் ஏறுமோ என்று கண்டபடி நினைத்தேன். மாதாவுக்கு என்று சொல்லி மாதாவுக்குக் கொடுக்காத முடி. அதை வாங்கிக்கொண்டது வேறு எதுவோ.

ஞாயிறு காலையில் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு வெள்ளைத் துணி முடிச்சு ஒன்றைக் கையில் தந்தார். பாரமாக இருந்தது. அவிழ்த்தேன். கறுப்பும் இடையிடையே நரையுமாக ஒரு பின்னல். அம்மாவின் எண்ணெய் மணம். கோயிலுக்குப் போகப் போட்ட முக்காடு அவர் தலையில் இறுக்கிச் செருகியிருந்தது. நான் அதைத் தொடக் கை நீட்டினேன், அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"நீ வடிவுக்கு வெட்டினனி. நான் பயத்துக்கு வெட்டினனான். பதினொரு பேரையும் பேர் பேராச் சொல்லி வை."

நேர்த்தி கொடுக்கிறவள் முக்காடு போடக் கூடாது, வெட்டிய தலை எல்லாருக்கும் தெரிய வேண்டும். நான் தலை தெரிய முன்னால் நடந்தேன். உண்மையாகக் கொடுத்தவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக வந்தார். பீடத்தடியில் முடிச்சை வைத்துப் பதினொரு பேரையும் சொன்னேன். கோயிலைப் பார்க்கிற சங்கிலித்தாம் அதை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே கொண்டுபோனார். பிறகு நற்கருணைக்கு முழந்தாளிட்டேன். வாங்காவிட்டால் ஊர் கேட்கும். பொய்யோடு வாங்கினால் பாவம். வாங்கினேன். நாக்கு எரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இனிமேல்தான் நடக்கப்போகிறது என்று அந்தப் பயம் அப்படியே வளர்ந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று கிழமை இருக்கும்போது நடந்தது. காலையில் வானம் செம்பு நிறமாக இருந்தது. மத்தியானத்துக்குள் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்றே தெரியவில்லை. பனைகள் வளைந்து நிலத்தைத் தொட்டன. கடல் ஏறிக் கருவாட்டுப் பரண்களை இழுத்துக்கொண்டு எங்கள் பின்வேலிவரை வந்து நின்றது. எங்கள் வீடு கல்வீடு. ஆனால் ஒழுங்கைப் பெண்கள் அங்கே வந்து கூடியதற்கு அது மட்டும் காரணமில்லை. நேர்த்திக்காரி அந்த வீட்டில்தானே இருந்தாள்.

என்னை நடுவில் இருத்தி, சுற்றி இருந்து செபமாலை சொன்னார்கள். ஒவ்வொரு முறை கூரை கிறீச்சிட்டபோதும் எல்லாக் கண்ணும் என் தலைக்கு வந்தன. ஒரு கிழவி எழும்பி வந்து, மாதாவின் சுரூபத்தைத் தொடுவதுபோல என் தலையைத் தொட்டுத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டார். உள்ளே ஓடி, அடுப்படிக் குசினிக்குள் நின்ற அம்மாவைப் பிடித்தேன். சொல்லிவிடுகிறேன், என்னால் ஏலாது என்று அழுதேன். இது என் பொய்யால் வந்த காற்று என்றுதான் முழுதாக நம்பினேன். அம்மா கையால் என் வாயைப் பொத்தினார்.

"இப்ப சொன்னா, அவையள் எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?"

நான் திரும்பிப் போய் நடுவில் இருந்தேன். மூலையில் பாட்டுப்பெட்டிக்கு மேல் அம்மா சாக்குப் போட்டு மூடியிருந்தார். மூடியும் பயனில்லை. காற்றின் இரைச்சலுக்குள் எனக்கு அந்த எக்காளம்தான் கேட்டது.

காற்று ஓய்ந்து நாலு நாள் ஒரு செய்தியும் இல்லை. தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன, மன்னார் அரசாங்கக் கச்சேரியிலேயே ஒன்றும் தெரியாது என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் ஒழுங்கை முனையில் ஆட்கள் வருவது தெரிந்தது. எல்லாரும் ஓடினோம், பிறகு நின்றுவிட்டோம். எங்கள் ஆட்கள் இல்லை. முஸ்லிம் ஆட்கள் கட்டுகிறமாதிரிப் பெட்டிக்கோட்டுச் சாரமும் தொப்பியுமாக யாரோ நடந்து வந்தார்கள். செய்தி சொல்ல வருகிறார்கள் என்றுதான் நினைத்தோம். கிட்ட வந்த பிறகுதான் முன்னால் வந்தவர் ஐயா என்று தெரிந்தது. வாடி அள்ளுண்டு போக, கட்டியிருந்த துணியும் இல்லாமல் கரையேறியவர்களை முசலிப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் வீட்டில் வைத்துச் சோறு கொடுத்து, தங்கள் உடுப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளத்துக்குள் நடந்தும், கடலைத் தோணியில் கடந்தும் வந்திருந்தார்கள்.

பெண்கள் அழுதுகொண்டு ஆளாளைப் பிடித்தார்கள். சின்னம்மா மட்டும் ஒவ்வொரு தொப்பிக்குக் கீழேயும் குனிந்து முகம் பார்த்துக்கொண்டு போனார். கடைசி முகம்வரை போனார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். பத்துப் பேர்தான் இருந்தார்கள். சின்னம்மாவின் மனிசன் தோணியின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வாறன் என்று தண்ணீருக்குள் திரும்பிப் போனவராம். பிறகு ஒருவரும் காணவில்லை என்று ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒரு கிழமை கழித்துச் சின்னம்மா வேலிப் பொட்டால் வந்தார். என்னைத் திட்டுவார், ஏன் என்னுடைய ஆளை மட்டும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. என் பக்கத்தில் இருந்து, என் தலையைத் தடவி, மெதுவாகச் சொன்னார்.

"நான் பிந்தித்தான் சேர்த்துவிடச் சொன்னனான் பிள்ளை. அதாலதான்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நேர்த்தியே இல்லை, நீங்கள் பிந்தவும் இல்லை முந்தவும் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தப் பாரமாவது அவரை விட்டு இறங்கியிருக்கும். சொல்லவில்லை. பயம். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாருக்குச் சொன்னேன், அவர் கொடுத்த செபங்களை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. சம்பந்தப்பட்ட எல்லாரும் மண்ணுக்குள் போன பிறகு, இப்போதுதான் எழுதுகிறேன். இதுவும் வீரம் இல்லை.

உடல் கிடைக்கவில்லை என்பதால் சின்னம்மா விதவைக்கோலம் பூணவில்லை. யாராவது தோணிக்காரர் தூக்கியிருப்பார்கள், மறுகரையில் எங்காவது இருப்பார் என்று சொல்லுவார். தலைமன்னாரில் இந்தியாக் கப்பல் வருகிற நாட்களில் போய் நின்று, இறங்குகிறவர்களிடம் அடையாளம் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார். எனக்கு ஊரில் பக்திக்காரி என்று பேர் வந்துவிட்டது. வங்காலைக்காரருக்கு அப்படி ஒரு மருமகள் கிடைத்ததில் பெரிய புளுகம், ஒரே சந்தோசம். கலியாணம் நடந்தது. இரண்டு வருசத்தில் முடி தோளுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. மாமாவிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் எல்லாம் கவிழ்ந்துவிட்டதாம், பசிக்குப் பாண் வாங்க வரிசையில் நிற்கிறார்களாம், வீட்டுக்காரப் பெண்ணின் வீடும் கைவிட்டுப் போய்விட்டதாம், பெண்கள் மறுபடி கூந்தல் வளர்க்கத் தொடங்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

எங்கள் நாட்டிலும் பெண்களுக்கு வாக்குப் போடுகிற உரிமை வந்தபோது நான் பிள்ளையோடு பேசாலைக்கு வந்திருந்தேன். போனால் பேர் பதிந்து வைத்துப் பிறகு அரசாங்கக் கந்தோருக்கு இழுப்பார்கள் என்று ஒரு கதை ஊரில் உலாவியது. ஒழுங்கையில் பாதிப் பெண்கள் பயத்தில் நின்றுவிட்டார்கள். அம்மாவும் சின்னம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், நான் பின்னால் போனேன். கடற்காற்றில் முக்காடு பறக்காமல் அம்மா கழுத்தடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். படியில் ஏறும்போது அவருடைய சேலைக்கரை நடுங்கியதைக் கண்டேன். அமெரிக்காக்காரியின் கால்களைப் பற்றி மாமா சொன்னதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

அந்த முக்காட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று அதே வரவில்தான் தெரிந்தது. மறுநாள் பகல் அறைக் கதவு கொஞ்சம் நீங்கியிருந்தது. அம்மா வாங்கில் இருக்க, ஐயா பின்னால் நின்று, வலைநூல் வெட்டுகிற கத்தரிக்கோலால் அவருடைய முடியைக் காதுமட்டத்துக்கு ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒட்டிய மயிரை ஊதிவிட்டார். படத்தில் இருந்த தலை அப்படியே. நான் அறுத்தது கோணலாக இருந்தது, ஐயா வெட்டியது நேராக இருந்தது. அமெரிக்காவிலேயே போய் மறைந்துவிட்ட அந்தக் கோலம் எங்கள் வீட்டில் முக்காட்டுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. கடலுக்குப் பயப்படாத மனிசன் என்று ஐயாவை நினைத்திருந்தேன். அவருடைய உயிருக்காகத்தான் அம்மா வெட்டிக்கொண்டிருக்கிறார், அவரும் அது இல்லாமல் தோணியில் கால் வைக்கப் பயப்படுகிறார் என்று விளங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் விலகிப் போனேன். அப்படித்தான் பல வருசம் நினைத்திருந்தேன்.

ஐயா கடலில் சாகவில்லை. கிழவனாகி, கட்டிலில், பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசிய பிறகு, ஒரு பகலில் கண்ணை மூடினார். வெள்ளைக்காரரின் ஆட்சி இன்னும் போகவில்லை, இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. செத்தவீட்டில் எங்கள் வழக்கம், புருசனை இழந்தவளின் தலையை அவிழ்த்துவிட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். யாரோ ஒருத்தி அம்மாவின் முக்காட்டை இழுத்தார். கொண்டையை அவிழ்க்கப் போன கை அந்தரத்தில் நின்றது. முழுக்க நரைத்து, காதுமட்டத்தில் நேராக வெட்டிய தலை. ஒப்பாரி அப்படியே அறுந்துவிட்டது.

சின்னம்மாதான் முன்னால் வந்தார். அவருக்கும் அப்போது நரைத்துவிட்டது.

"நேர்த்தியோ அக்கா? அண்ணருக்கோ?"

அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

"அவர் வந்திட்டார்தானே. பதினொரு பேருக்கெண்டு வைச்சது. பத்துப் பேர்தான் வந்தவை. நான் இந்த முடியை எப்பிடி வளக்கிறது?"

சின்னம்மா கீழே விழுந்து கிடந்த முக்காட்டை எடுத்தார். மண்ணைத் தட்டினார். அம்மாவின் தலையில் போட்டு, காதுக்குப் பின்னால் ஒழுங்காகச் செருகிவிட்டார்.

"இனி வளர விடுங்கோ அக்கா. அவர் வரமாட்டார்."

இருபது வருசத்துக்குக் கிட்ட அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அம்மாவின் மடியில் முகத்தை வைத்து, ஐயாவுக்காகக் கூடியிருந்த அந்தச் செத்தவீட்டில், தன் மனிசனுக்காக முதன்முதலாக வாய்விட்டு அழுதார். இடுப்புக்குக் கீழே வளர்ந்த கூந்தலோடு நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கும் எனக்கு வாய் திறக்கவில்லை.